இடனறிதல்: ஆனையிறங்கல் கரையில் கற்ற பாடம்

"தாத்தா, இறங்கட்டுமா?"

சென்ற மே விடுமுறையில், கேரளத்து இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில், ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தவுடன் என் பேரன் கேட்ட கேள்வி இது. பதினான்கு வயது. மும்பையில் நீச்சல் வகுப்புக்குப் போய்ப் பதக்கங்கள் வாங்கியவன். சட்டையைப் பாதி கழற்றிவிட்டுத்தான் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். "ஏன்?" என்றான். அந்த இடத்தில் எனக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை. இக்கட்டுரை அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில். விடுமுறைக்கு மலைக்கும் கடலுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் பட்டம் வாங்கிய புலவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கிராமம் ஒன்றில் பிறந்து, மஸ்ஜித் பந்தரில் ஏலக்காயும் மிளகும் விற்றுப் பிழைத்தவன். இரவில் கடை மூடிய பிறகு படித்தவைதான் என் கல்வி. குறை இருப்பின் கற்றறிந்தோர் பொறுத்தருள்க.

பெயரே சொல்லும் செய்தி

மூணாறிலிருந்து தேவிகுளம், பெரியகானல் வழியாகப் பூப்பாறைக்கும் போடிமெட்டுக்கும் இறங்கும் சாலையில் இருக்கிறது இந்த அணை. பன்னியாற்றின் குறுக்கே 1965-இல் கட்டி முடிக்கப்பட்ட மண் அணை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீட்டர் உயரம். சுற்றிலும் தேயிலை, ஏலம், இடையிடையே காடு. தோட்டங்களில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் நம் தமிழ் மக்களே.

பெயரைக் கவனியுங்கள். ஆனை இறங்கும் இடம் ஆனையிறங்கல். நீர்த்தேக்கம் வருவதற்கு முன்பே யானை இறங்கிய பள்ளம் அது என்று பெயரே சாட்சி சொல்கிறது. ஓர் ஊருக்குப் போனால் முதலில் அதன் பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். பலகையில் எழுதாத எச்சரிக்கையைப் பெயர் சொல்லிவிடும்.

அண்மைக் கால வரலாறும் அதையே சொல்கிறது. 2002-03 காலத்தில் கேரள அரசு நிலமற்ற பழங்குடிக் குடும்பங்கள் 301-க்கு இங்கே நிலம் கொடுத்தது. அதனால் அந்தக் குடியிருப்புக்கு 301 காலனி என்றே பெயர். யானைகளுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. பன்னியார் தோட்டத்து ரேஷன் கடையை அரிசிக்காகப் பலமுறை உடைத்த அரிக்கொம்பன் என்ற ஆண் யானையை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது மே மாத இறுதியில் நம் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஜூன் மாதம் தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. அதே ஆண்டில், யானைகள் நடமாடும் இடம் என்ற காரணத்தால், ஆனையிறங்கலில் படகுச் சவாரியை நிறுத்தும்படி கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பரில் அந்த நீரில் படகு கவிழ்ந்து, 301 காலனிக்காரர் இருவர் மூழ்கி இறந்தார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்குப் பயணம் அன்று. அன்றாடப் போக்குவரத்து.

நான் செய்த பிழை

இவ்வளவும் தெரிந்தவன் போல எழுதுகிறேனே, என் இளமையில் எனக்கு ஒன்றும் தெரியாது. 1986-ஆம் ஆண்டு மார்ச் மாதம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் பார்த்துவிட்டு, தோட்டங்களில் சரக்கு எப்படி இருக்கிறது என்று அறிய ஜீப்பில் மலை ஏறினோம். ஆனையிறங்கல் தண்ணீரைக் கண்டதும் எங்கள் ஊர் ஏரி நினைவுக்கு வந்துவிட்டது. ஏரியில் நீந்தி வளர்ந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்குமா? வேட்டியைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

எங்கள் வீடுகளில் பொழுது சாய்வதற்குள் உணவு முடிக்க வேண்டும் என்பது சமண ஒழுக்கம். அப்பா அதற்காகவே மாலையில் எங்களை ஏரியிலிருந்து விரட்டுவார். அன்று விரட்ட ஆள் இல்லை. "இன்னும் ஒரு சுற்று" என்று நீந்தினேன். திரும்பிப் பார்த்தால், என் வேட்டிக்கும் எனக்கும் நடுவே நான்கு யானைகள்! சத்தமே இல்லாமல் வந்திருந்தன. கூட்டத்தில் ஒரு குட்டி.

ஜீப் ஓட்டி வந்த தம்பி மேட்டில் அசையாமல் நின்றான். சரிவில் கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா தலைத்துண்டை அவிழ்த்து வலப்பக்கமாக வீசிக் காட்டினார். கத்தவில்லை. "அங்கிட்டுப் போ, மெல்லப் போ" என்பது பொருள். காற்று யானைப் பக்கமிருந்து என் பக்கமாக அடித்ததால் அவற்றுக்கு என் வாடை போகவில்லை என்று பிறகு விளக்கினார்கள். நான் மார்பளவு நீரில் வெகுநேரம் நின்று, பிறகு மெதுவாக விலகி, தூரத்தில் கரை ஏறினேன். கை விறைத்துச் சட்டைப் பித்தான் போட முடியவில்லை. பல் கிட்டிப் பேச்சு குழறியது. யானை என்னைத் தொடவே இல்லை. குளிர்தான் என்னைக் கொல்லப் பார்த்தது. இது மிக முக்கியமான செய்தி. பின்னால் மீண்டும் வருகிறேன்.

யானைக்கு நீர் என்ன உறவு?

யானை நீரைக் கண்டு பயப்படும், நீருக்குள் இறங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முற்றிலும் தவறு. தரை விலங்குகளில் சிறந்த நீச்சல்காரர்களுள் யானையும் ஒன்று. அந்தமானில் மரம் இழுக்கக் கொண்டுபோன யானைகள் தீவுக்குத் தீவு கடலில் நீந்தின. அவற்றுள் புகழ்பெற்ற ராஜன் என்ற யானை 2016-இல் இறந்தது. 2017 ஜூலையில், இலங்கையின் கொக்கிளாய்க் கடலில் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தூரத்தில் தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு யானையை இலங்கைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரை சேர்த்தார்கள்.

தும்பிக்கையைக் குழாய் போல் நீட்டி மூச்சு விடுவது எளிய காரியம் அன்று. நாம் இரண்டு மீட்டர் ஆழத்தில் இருந்துகொண்டு ஒரு நீண்ட குழாய் வழியே மூச்சு விட முயன்றால் முடியாது. நீரின் அழுத்தம் மார்பை நசுக்கும்; நுரையீரலின் மெல்லிய உறையில் உள்ள இரத்தக் குழாய்கள் வெடிக்கும் அபாயமும் உண்டு. நமக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கிறது. யானைக்கு அந்த இடைவெளி இல்லை. உறுதியான இணைப்புத் திசு அதை நிரப்பியிருக்கிறது. இப்படி நீருக்கடியில் இருந்து மூச்சு விடுவதற்கு ஏற்ற அமைப்பு அது என்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் ஜான் வெஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் விளக்கினார். நாம் நீருக்கு விருந்தாளி. யானை உறவுக்காரன்.

யானைக்குப் பார்வை மந்தம், மோப்பம் அபாரம். நாள் ஒன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். வெயில் சாய்ந்ததும் குட்டிகளோடு நீருக்கு வரும். நமக்கு நீச்சல் ஆசை. அதற்கு நீர் உயிர்த்தேவை. ஆசையும் தேவையும் ஒரே நேரத்தில் ஒரே கரைக்கு வந்தால் எது விலக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மலையின் இரு பக்கமும்

இனி முதலைக்கு வருவோம். ஆனையிறங்கலில் நான் அஞ்சியது யானைக்குத்தான். ஆனால் அந்த மலைகளில் பெய்யும் மழை போகும் வழியைப் பின்தொடர்ந்தால், இரு பக்கமும் முதலையின் கதை வருகிறது.

மேற்கே பன்னியாறு முதிரப்புழையில் சேர்ந்து, பெரியாற்றில் கலந்து, காலடி என்ற ஊரைத் தொட்டுப் போகிறது. ஆதிசங்கரர் சிறுவயதில் குளிக்க இறங்கியபோது முதலை காலைப் பற்றியதாகவும், அன்னை துறவுக்கு இசைந்ததும் விட்டுவிட்டதாகவும் மரபுக் கதை சொல்லும் இடம் அது. கிழக்கே பாம்பாறு மறையூர்ப் பக்கமாக ஓடி, உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதி அணையில் சேர்கிறது. தென்னாட்டில் சதுப்புநில முதலைகள் இயற்கையாகவே இனம் பெருக்கும் முக்கியமான இடங்களுள் அந்த நீர்த்தேக்கம் ஒன்று. 1970-களின் நடுவில் அங்கே முதலைப் பண்ணையும் ஏற்பட்டது. அதற்கு வடக்கே கொங்கு நாட்டில் அவிநாசி. குளிக்கப் போன சிறுவனை முதலை விழுங்க, சுந்தரர் பாடி மீட்ட வரலாறு சைவர் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகிறது.

இக்கதைகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் சமயம். நான் கவனிப்பது வேறு. இரண்டு கதையிலும் முதலை பிடித்தது நடு ஆற்றில் நீந்தியவரை அன்று. குளிக்க இறங்கிய சிறுவர்களை. நம் முன்னோர் கண்டறிந்த உண்மை கதைக்குள் பொதிந்திருக்கிறது. சங்க இலக்கியத்தில் இடங்கர், கராம், முதலை என்று மூன்று பெயர்கள் தனித்தனியாக வருகின்றன. கபிலர் குறிஞ்சிப்பாட்டில், இரவில் மலைவழி வரும் தலைவனுக்கு நேரக்கூடிய ஆபத்துகளின் வரிசையில் இம்மூன்றையும் வைக்கிறார். இந்தியாவில் இன்றைக்கும் முதலை இனம் மூன்று: சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, நீள்மூக்குக் கரியால். எந்தப் பெயர் எதற்கு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வேறுபாடு கண்டு பெயர் வைத்தவர்கள் உற்றுப் பார்த்தவர்கள் என்பதில் ஐயம் இல்லை.

முதலை குளிர்ந்த குருதி விலங்கு. காலையில் கரையில் வெயில் காயும். பசித்தால் துரத்தி அலையாது; கண்ணும் மூக்கும் மட்டும் மேலே தெரியக் கரையோரம் காத்திருக்கும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் தினமும் வரும் உயிரைக் கவனித்து வைத்துக்கொள்ளும். துணி துவைப்பவர், குளிப்பவர், வலை வீசுபவர் ஆகியோரே பெரும்பாலும் அகப்படுகிறார்கள். சதுப்புநில முதலை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடும். அப்போதும், குஞ்சு வெளிவரும் கோடையிலும் தாய் மிக மூர்க்கமாக இருக்கும். நம் பள்ளி விடுமுறையும் அதே கோடைதான்!

மலைக்குப் போனால்தானே இந்த ஆபத்து என்று இருந்துவிடாதீர்கள். மும்பையிலேயே பவாய் ஏரியிலும் விகார் ஏரியிலும் முதலை உண்டு. பரோடாவில் வசிக்கும் நம்மவர்களுக்கு விசுவாமித்திரி ஆற்று முதலைகளை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டு வெள்ளத்தில் அவை தெருவுக்கே வந்தன. அந்தமானில் இருப்பது உவர்நீர் முதலை, கடலிலும் நீந்தும். ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் 2010 ஏப்ரலில் ஒரு வெளிநாட்டுப் பயணியின் உயிரை அது வாங்கியது. தீவின் பெயர் 2018-இல் சுவராஜ் தீவு என்று மாறியது. முதலையின் குணம் மாறவில்லை.

நெடுஞ்சாலையின் மறுமுனை

ஆனையிறங்கலைத் தொட்டுப் போகும் அந்தச் சாலை முன்பு கொச்சியில் தொடங்கித் தனுஷ்கோடியில் முடிந்த தேசிய நெடுஞ்சாலை. அந்த முனையில் இருப்பது பாக் நீரிணை. கடற்பாம்பும் சுறாவும் சொறியும் உள்ள கடல். அதையும் மனிதர்கள் நீந்திக் கடந்திருக்கிறார்கள். 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தி வந்தார். 1971-இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் கோடிக்கரைக்கு நீந்தி, மீண்டும் ஈழக் கரைக்கே நீந்தித் திரும்பினார். 2019-இல், சின்னக்கானல் மலைக்கு நேர் கீழே இருக்கும் தேனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சேர்ந்தான்.

"அவங்க மட்டும் நீந்தலாமா தாத்தா?" என்று பேரன் கேட்பான். நீந்தலாம். மிகிர் சென்னுக்குக் கடற்படைக் கப்பல்கள் காவல் வந்தன. இத்தகைய நீச்சலில் துணைப் படகு, நீரோட்டம் அறிந்த மீனவர், மருத்துவர், அனுமதி, பல மாதப் பயிற்சி எல்லாம் உண்டு. அவ்வளவும் இருந்தும் நீர் தன் குணத்தைக் காட்டும். பாம்பும் சுறாவும் உள்ள பாக் நீரிணையை இருமுறை வென்ற ஆனந்தன், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் துறந்தார். கோடையிலும் குளிரும் கடல் அது. 1986-இல் விறைத்த என் விரல்களை நினைக்கும்போதெல்லாம் அவரையும் நினைத்துக்கொள்வேன். கொடிய விலங்கு உள்ள நீரில் விலங்கு இரண்டாவது ஆபத்து. முதல் ஆபத்து நீரேதான்: குளிர், திடீர் ஆழம், சேறு, நீருக்கடியில் பழைய மரக்கட்டை. விலங்கைக் கண்டு பதறும்போது இந்த முதல் ஆபத்துக்குள் நாமே போய் விழுகிறோம்.

வள்ளுவர் வைத்த இடம்

திருக்குறளில் இடனறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசனுக்குச் சொன்ன போர் உபதேசம். அதில் முதலையும் வருகிறது, யானையும் வருகிறது. ஆழ்ந்த நீருக்குள் முதலை மற்றவற்றை வெல்லும், நீரை விட்டு வந்தால் மற்றவை அதை வெல்லும் என்பது ஒரு குறளின் கருத்து. வேல் வீரரையும் அஞ்சாத யானை சேற்றில் கால் புதைந்தால் நரிக்கு இரையாகும் என்பது இன்னொன்று. வலிமை உடம்பில் இல்லை, நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதே இரண்டின் சாரம். பதக்கம் வாங்கிய என் பேரன் நீச்சல் குளத்தில் முதலை. ஆனையிறங்கலில் சேற்றில் இறங்கிய யானை.

ஆகவே நம் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

1. அணை, நீர்த்தேக்கம், காட்டாறு எதிலும் இறங்கும் முன் உள்ளூர்க்காரரைக் கேளுங்கள். ஓட்டல்காரரை அன்று, அங்கே ஆடு மேய்ப்பவரை, கொழுந்து எடுப்பவரை, மீன் பிடிப்பவரை. அவர் வேண்டாம் என்றால் பேச்சு முடிந்தது.

2. எச்சரிக்கைப் பலகை இல்லாததை அனுமதி என்று கொள்ளாதீர்கள்.

3. அதிகாலையும் அந்தியும் விலங்குகளின் நேரம். அப்போது நீர்க்கரையில் நிற்கவே வேண்டாம்.

4. புதுச் சாணம், சேற்றில் வட்டத் தடம், முறிந்த கிளை இருந்தால் யானை அருகில் இருக்கிறது. கரைச் சேற்றில் வயிறு இழுத்த தடம் இருந்தால் முதலை.

5. மீன் கழிவு கொட்டும் இடத்திலும், கலங்கிய நீரிலும், புதர் மண்டிய கரையிலும் கால் வைக்காதீர்கள்.

6. யானையைக் கண்டால் கூச்சல், கல், கைபேசிப் படம் எதுவும் வேண்டாம். காற்றின் திசை பார்த்து மெல்ல விலகுங்கள். குட்டி இருந்தால் இன்னும் தூரம்.

7. ஒருவர் மூழ்கினால் பதறி எல்லோரும் குதிக்காதீர்கள். துண்டு, கயிறு, கம்பு, மிதக்கும் எதையாவது நீட்டுங்கள்.

மீண்டும் கரைக்கு

அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்து வேலைக்காரர் ஒருவர் சாலையில் நின்றார்.

"ஐயா, பிள்ளைய எறக்கிராதீங்க. மேல கிராண்டிஸ் காட்டுல கூட்டம் நிக்குது. குட்டி இருக்கு" என்றார். யூகலிப்டஸுக்கு அந்தப் பக்கத்தில் கிராண்டிஸ் என்று பெயர்.

"ஒண்ணும் தெரியலையே அங்கிள்" என்றான் இவன்.

"ஒனக்குத் தெரியாது தம்பி. அதுக்கு நம்மளத் தெரியும். அஞ்சு மணிக்கு மேல ரோட்டுலயே நின்னு பாரு."

"நீங்க சொன்னா சரி தம்பி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, பேரனோடு சாலை மேட்டிலேயே காத்திருந்தேன். ஐந்தரைக்கு மரங்களுக்குள்ளிருந்து அவை வந்தன. பேரன் துண்டைப் போட்டு வைத்திருந்த இடத்தின் வழியாகவே இறங்கின. பெரியவை முன்னும் பின்னும், குட்டி நடுவில். நீருக்குள் போகப் போக உடம்பு மறைந்து, தும்பிக்கைகள் மட்டும் நகர்ந்தன. குட்டியைத் தாய் தன் தோளோடு அணைத்தபடியே அக்கரை சேர்த்தது.

பேரன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, அதுங்களும் குடும்பமாத்தான் வருது" என்றான்.

எல்லா உயிரும் தத்தம் வழியில் வாழ விரும்புகின்றன என்று நான் படித்த நூல்கள் எல்லாம் சொல்கின்றன. அதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். மறுநாள் போடிமெட்டு இறங்கும்போது, எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டான். மழை பெய்தால் இருக்கும் என்றேன். தை மாதம் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் கரை ஏற வேண்டும் என்ற நிபந்தனையோடு.